டயருக்குப் போர்த்திய தோல்

ரேஸ் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவன் ஞாயிற்றுக்கிழமை சம்பாதிக்கிற எதிரிகளோடுதான் திங்கட்கிழமை ஒரே கேன்டீனில் சாப்பிட வேண்டும். எதையாவது செக் பண்ணி, ‘இது ஆகாது’ என்று சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். வாணியம்பாடிக்கு வெளியே தார் போட்டு, மஞ்சள் கல் நட்டு, ஒரு வீடுகூட வராத லேஅவுட் ஒன்று இருந்தது. அதைப் பன்னிரண்டு முறை சுற்றினால் ரேஸ். ஆறு நாளும் தோலை ரிஜெக்ட் செய்கிறவன் ஏழாம் நாள் வண்டியை ரிஜெக்ட் செய்ய மாட்டானா என்று என்னைப் பரிசோதகராகப் போட்டார்கள். சம்பளம் கிடையாது. இரண்டு டீ உண்டு.

இரண்டும் இடது

எங்கள் விதிகள் டைப் அடித்தால் ஒன்றரைப் பக்கம். தினமும் வேலைக்குப் போகிற வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். தோல் கோட், தோல் கையுறை, கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம். மற்ற ஊர்களில் இதற்கே ஒருவன் சொத்தை விற்க வேண்டும். எங்கள் பக்கம் ஏற்றுமதியில் கழித்துப் போட்ட சரக்கு எல்லார் வீட்டுப் பரணிலும் கிடந்தது. ஒருவர் கழுத்தில் ரோமம் வைத்த லேடீஸ் கோட்டோடு வந்தார். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அனுப்பினேன்.

ஆலங்காயத்துக்காரர் ஒருவரின் கையுறைகள்தான் பிரச்னை. அருமையான ஆட்டுத் தோல், சுத்தமான தையல், ஆனால் இரண்டும் இடது கைக்கானவை. வலது கையில் மாட்டினால் கட்டைவிரல் எங்கோ போய் நின்றது. முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “அது இன்னா சார், ரேஸுன்னு வந்துட்டா அதை நான் பிடிக்கவே மாட்டேன்.”

எண்பது டிகிரி

எங்கள் கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் தயாளன். என் சர்ச், என் தெரு. நாலு வருஷமாக எல்லா ரேஸிலும் நாலாவதாக வருவார். மூன்று பேருக்குத்தான் கப். அவர் மனைவி எப்சிபா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் முதலுதவிப் பெட்டிக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவரும் ஒவ்வொரு ரேஸுக்கும் வந்து, கணவர் நாலாவதாக வருவதைப் பார்ப்பார்.

அந்த வருஷம், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி மகன் இம்தியாஸ் வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு, இரண்டு டயர் வார்மரோடு திரும்பினார். டயருக்குச் சுற்றுகிற மின்சாரப் போர்வை. ரேஸுக்கு முன்னால் எண்பது டிகிரிக்கு ஏற்றினால் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்குமாம். அதன் விலையில் எங்கள் வண்டி இரண்டு வாங்கலாம். நூறு சிசி வண்டிக்கு அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைச் சுற்றிய முதல் ரேஸிலேயே இம்தியாஸ் ஜெயித்துவிட்டார். தயாளன் வழக்கம்போல நாலாவது.

எப்சிபா பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்து வைத்துவிட்டு, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கணவரிடம் நிதானமாகச் சொன்னார்: “அடுத்த ரேஸ்ல கப்பு வரலன்னா, உங்க ஹெல்மெட்ட சர்ச் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்குக் குடுத்துடுவேன்.”

இஸ்திரி

அதற்குப் பிறகு எல்லோருக்கும் டயர் சூடாக வேண்டியிருந்தது. பயிற்சி நாளில் ஒருவர் ஸ்டார்ட்டிங் லைனுக்குத் தன் தெரு இஸ்திரிக்காரரைத் தள்ளுவண்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கரி கனன்றுகொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். “காட்டனா, டெரிகாட்டனான்னு தெரியாம நான் சூடு வெக்க மாட்டேன் சார்.”

நான் எழுதிய விதி

செலவு எல்லை மீறிப் போகிறது என்று கமிட்டி கூடியது. வார்மரைத் தடை செய்தால் இம்தியாஸ் கோபித்துக்கொள்வார். அவருடைய ஜெனரேட்டரில்தான் எங்கள் மைக் ஓடியது. அதனால் நான் ஒரு விதி எழுதினேன்: டயர் வார்மர் வைக்கலாம், ஆனால் நம் மாவட்டத்தில் செய்ததாக இருக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தயாளன் ஒரு மாதம் உழைத்தார். உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சூடேறும் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் கண்ணாடி நார்த் துணி, மேலே ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் தோல், இழுத்துக் கட்ட பெல்ட். ரேஸ் அன்று என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். நான் ஆறு நாளும் செய்கிறதைச் செய்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் தோலின் மேல்முகத்தைப் பார்த்தேன்; கீறல் இல்லை. தையலை எண்ணினேன், அங்குலத்துக்கு எட்டு, ஒன்றுகூட விடவில்லை. பாஸ் என்று சீல் குத்தினேன்.

இம்தியாஸ் பெரிய மனதோடு ஜெனரேட்டரில் ஒரு பிளக் கொடுத்தார். பின் டயருக்கு வார்மரைச் சுற்றினோம். அப்போது தூறல் போட்டது. தோல் நனைந்தது, சூடும் ஏறியது. தோல் வேலை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. குரோமில் பதனிட்ட தோல் கொதிநீரைத் தாங்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நனைந்து எண்பது டிகிரிக்குப் போனால் கருவாடாகச் சுருங்கிவிடும். எங்கள் கம்பெனி லைனிங் முழுக்கப் பட்டைத் தோல். அது டயரை அப்படியே கவ்விக்கொண்டது. பெல்ட்டை அவிழ்த்தும் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். நானும் தயாளனும் மழையில் மண்டியிட்டு, தோல் சீவுகிற கத்தியால் அந்த எட்டுத் தையலையும் அங்குலம் அங்குலமாக அறுத்தோம். என் விரலில் கத்தி படாமல் அவர் பார்த்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு சுற்று கழித்துத் தயாளன் கிளம்பினார். ஈரத்தில் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். மிச்சம் ஓடிய நாலு பேரில் அவர் நாலாவது. எங்களுக்குக் கொடி காட்டுகிற பஷீர் பாய், டேனரியில் முப்பது வருஷம் தோல் பதனிடுகிற டிரம் ஓட்டியவர், கொடியைப் பிழிந்துகொண்டே என் பக்கம் வந்தார். “ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கற டீத்தண்ணில போட்டிருந்தா, சுருங்கறது அப்பவே தெரிஞ்சிருக்கும். நீங்க மேல்மொகத்த மட்டும் பாத்தீங்க சார்.”

ஏலம்

எப்சிபா சொன்ன சொல் தவறாதவர். அறுப்புப் பண்டிகையன்று, சபையார் காணிக்கையாகக் கொடுத்த பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் அந்த ஹெல்மெட் இருந்தது. தயாளன் பாடகர் குழுவில் நின்று, அதைப் பார்க்காமல் பாடினார். எனக்கு மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. பாஸ் சீல் குத்தியவன் நான். அதை வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று வந்திருந்தேன்.

ஏலம் கேட்டேன். பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. நான் ஏற்றினேன். அந்தக் கையும் ஏற்றியது. பழைய ஹெல்மெட்டுக்கு இவ்வளவு போட்டியா என்று சபையே திரும்பிப் பார்த்தது. புது ஹெல்மெட் விலையைத் தாண்டினோம். எங்கள் போதகர் ஐயர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தபோது அந்தக் கை இறங்கியது.

ஹெல்மெட்டோடு வெளியே வந்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து எப்சிபா வந்தார், கையில் மடித்த கைக்குட்டை, அதற்குள் பணம். கண் கலங்கியிருந்தது. “குடுக்கறேன்னுதாண்ணே சொன்னேன், திருப்பி வாங்க மாட்டேன்னா சொன்னேன்? இதுக்குன்னே சேத்து வெச்சிருந்தேன், நீங்க ஏன் ஏத்திக்கினே போனீங்க?”

அடுத்த ரேஸில் தயாளன், நான் கொடுத்த அதே ஹெல்மெட்டோடு என் மேஜைக்கு வந்தார், தாடை வார் நைந்திருந்ததால் ரிஜெக்ட் செய்தேன்.