குடைக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை. மைசூரில் அன்றைக்கு மனிதர்களை யாரும் கவனிப்பதில்லை. ஜட்கா வண்டிச் சக்கரத்துக்கு மாலை, தையல் மெஷினுக்குச் சந்தனம், எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டருக்குக் குங்குமம். எங்களுக்கு? ஆளுக்கு ஒரு கை பொரி. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நான் போனது பழனிச்சாமியின் அச்சகத்துக்கு. அவர் கொள்ளேகால்காரர். பட்டு வியாபாரக் குடும்பம். இவர் மட்டும் பட்டை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்துவிட்டார். மைசூரில் கன்னட அச்சகம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. தமிழ் எழுத்து வைத்திருப்பவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான். அதனால் இங்கிருக்கும் தமிழர்களுக்குக் கல்யாணமானாலும் சரி, கருமாதியானாலும் சரி, பத்திரிகைக்கு இவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

என்னோடு ஞானம் டீச்சரும் வந்திருந்தார். எங்கள் பக்கத்து வீடு. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் — இவை போக மிச்சப் பொழுதெல்லாம் தூரிகையும் கையுமாக இருப்பவர். குழந்தைகளுக்காக அவர் ஒரு படப் புத்தகம் வரைந்திருந்தார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டுச் சாமான்களின் ஒரு நாள். மழையைக் கண்டால் நடுங்கும் குடை. தீராத ஜலதோஷத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் காபி ஃபில்டர். எல்லோரையும் அரைத்துவிடுவேன் என்று மிரட்டுகிற, ஆனால் இருந்த இடத்தை விட்டு நகர முடியாத ஆட்டுக்கல். ஒன்றோடொன்று டூ விட்டுக்கொண்ட இரண்டு செருப்புகள்... அவற்றை மாட்டிக்கொண்ட எஜமானர் தெருவில் படும் பாடு.

என் மகள் அதைப் பார்த்துவிட்டுக் குடையைத் தொட மறுத்துவிட்டாள். 'பாவம்ப்பா, அதுக்கு பயமா இருக்கும்' என்று பள்ளிக்கு நனைந்துகொண்டே போனாள். புத்தகம் நன்றாக இருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பழனிச்சாமிக்கு அது போதவில்லை.

"ஏனுங்க டீச்சர், குடை எங்காச்சும் பேசுமுங்களா?" என்று படங்களைக் கொண்டுபோய்க் காட்டிய முதல் நாளே கேட்டுவிட்டார். "சுதந்திரம் வந்தாச்சு. அங்கங்க அணை கட்டறாங்க, ஃபாக்டரி கட்டறாங்க. இந்த நேரத்துல ஆட்டுக்கல் பேசுதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஒரு ஸ்கூல்லயும் வாங்க மாட்டாங்க. இந்தக் கண்ணு, மூக்கு, வாயெல்லாம் எடுத்துப்போடுங்க. கீழ 'குடை', 'செருப்பு'ன்னு பேரு மட்டும் போட்டுக் குடுங்க. உபயோகமான புஸ்தகமா அடிச்சுத் தர்றனுங்க."

வேறு எங்கே போவது? மெட்ராஸில் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிப் பார்த்தார் டீச்சர். பதிலே வரவில்லை. கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தார். முகமில்லாமல்.

பூஜையன்று படங்களைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் அச்சுக்கான உலோக பிளாக் ஆகிவிடும். அப்புறம் மாற்ற முடியாது. அச்சகத்துக்கு ஜட்காவில் போனோம். இறங்கும்போது டீச்சர் சொன்னார்.

"பாத்திரக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு சார். இதுல என் பேர் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

ஆசைப்பட்டுச் செய்த காரியத்தில் தன் பெயரே வேண்டாம் என்று ஒருவர் சொல்வதை விடக் கஷ்டமான பேச்சு உண்டா?

அச்சகம் வாழைக்கன்றும் மாவிலையுமாக இருந்தது. கால் மிதியில் ஓடும் டிரெடில் மெஷினுக்குச் சாமந்தி மாலை. பழனிச்சாமி அதன் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். "இந்த வருசமும் யாரு கையையும் கடிச்சுப்போடாம காப்பாத்து தாயி..."

நான் டீச்சரைப் பார்த்தேன். நாம் மெஷினோடு பேசலாம். மெஷின்தான் நம்மோடு பேசக் கூடாது. அப்படித்தானே?

டீச்சர் படங்களை மெஷின் பக்கத்து மேஜையில் பரப்பி வைத்தார். அதற்குள் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் வாசலுக்குப் போனோம். உள்ளே இருந்தது பழனிச்சாமியின் மனைவி நாச்சம்மாள் மட்டும். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் குங்குமம்.

ஆயுத பூஜையில் உழைக்கிற எதையும் பொட்டு வைக்காமல் விடக் கூடாது. நாச்சம்மாள் அதில் கண்டிப்பானவர். எழுத்துப் பெட்டி, காகிதம் வெட்டும் கத்தி, மை டின், சுவர்க் கடிகாரம், மூலையில் சாய்ந்திருந்த துடைப்பம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர், மேஜைக்கும் வந்துவிட்டார். குடைக்கு ஒன்று. ஃபில்டருக்கு ஒன்று. ஆட்டுக்கல்லுக்குக் கொஞ்சம் பெரிதாக. நாங்கள் திரும்பி வந்தபோது செருப்புப் படத்தின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அதுவுந்தானே பாவம் நாளெல்லாம் ஒழைக்குது" என்று சொல்லி அதற்கும் வைத்துவிட்டார்.

டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். ஈரச் சந்தனம். கோடுகளெல்லாம் கரைந்து ஓடியிருந்தன. ஒரு படம்கூடத் தேறாது.

"ஏம்புள்ள, என்ன காரியம் பண்ணிப்போட்டே?" என்றார் பழனிச்சாமி.

"பூசைக்குத்தான் வெச்சிருக்குதுன்னு நெனச்சனுங்க." நாச்சம்மாள் பயந்ததாகத் தெரியவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினார். "பொட்டு வெக்கலாம்னு பாத்தா நெத்தி எங்கன்னே தெரியலீங்க டீச்சரம்மா. ஏனுங்க, ஒண்ணுக்குமே மூஞ்சி வெக்காம வுட்டுட்டீங்களே? பாவமாட்ட இருக்குதுங்க."

டீச்சர் பையைத் திறந்தார். முதலில் வரைந்த படங்கள், முகமுள்ளவை, அடியில் பத்திரமாக இருந்தன. அவற்றையும் எடுத்து வந்திருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

நாச்சம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபில்டரின் மூக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குடைப் படம் வந்ததும் கணவரிடம் நீட்டினார். "இது உங்களாட்டவே இருக்குதுங்க. தூத்தலப் பாத்தா வெளிய வராது."

எழுத்துக் கோக்கிற கன்னடக்காரர் எட்டிப் பார்த்து, "சென்னாகிதே" என்றார். நன்றாயிருக்கிறதாம். தமிழ் தெரியாத மனிதர். குடை பயப்படுகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

பழனிச்சாமி கரைந்த படங்களையும் முகமுள்ள படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொட்டு வெச்சதுக்கப்பறம் மூஞ்சி இல்லைன்னா நல்லாயிருக்காதுங்க டீச்சர். இந்தப் பழசையே நாளைக்கு பெங்களூருக்கு அனுப்பிப்போடலாம்." ஏதோ அவரே யோசித்துக் கண்டுபிடித்தது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

"பேர் போடணுமே, எப்படிப் போடட்டுமுங்க?" என்று கேட்டார் பழனிச்சாமி. டீச்சர் தன் முழுப் பெயரையும் சொன்னார், இனிஷியல் உட்பட. பிறகு அதே சந்தோஷத்தில், "உங்க மெஷினையும் ஒரு பக்கம் வரைஞ்சு சேர்க்கட்டுமா சார்?" என்றார்.

பழனிச்சாமிக்கு வாயெல்லாம் பல். "தாராளமா வரைங்க. மாலையெல்லாம் போட்டு வரைங்க." சட்டென்று முகம் மாறியது. மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, மூக்கு வெச்சுக்குங்க. வாய் மட்டும் வேண்டாமுங்க. வருசத்துக்கு ஒருக்காதான் எண்ணெய் போட்டுத் தொடைக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிப்போடும்."

வாயில்லாத சாமான்களின் தயவில்தான் நம்மில் பல பேருக்கு நல்ல பெயர்.