பொடுகும், அம்மா வைக்காத பூவும்

“தன் தலையையே பாத்துக்கத் தெரியல. இவ ஊருப் பிள்ளைக தலைக்குள்ள படிப்ப ஏத்தப் போறாளாக்கும்.”

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்த அன்று அத்தை சொன்னது இது. அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதில் அவளுக்கும் பெருமை உண்டு. ஆனால் அன்று நான் குனிந்து அவளுக்கு மோர் கொடுத்தபோது, என் தலையிலிருந்து வெள்ளைச் செதில் ஒன்று உதிர்ந்து செம்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அவள் அதை விரலால் தள்ளினாள். மோரைக் குடிக்கவில்லை.

பொடுகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். அதனால் யாரும் சாவதில்லை. ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றாலே தோளைத் தட்டிவிட்டுக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், இது உங்களுக்காக எழுதியதுதான்.

எனக்கு அது ஒரு மார்கழியில் தொடங்கியது. பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். முதலில் இடது காதுக்குப் பின்னால் மெல்லிய நமைச்சல். யாரோ மிகத் தொலைவிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. விரலை வைத்தால் நின்றது. எடுத்தால் மறுபடி கூப்பிட்டது. பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் விரல் எனக்குத் தெரியாமல் அங்கே போய்விடும். பிறகு புத்தகத்தின் மேல் மாவு தூவியதுபோல் விழ ஆரம்பித்தது.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியும்முன் அம்மா மொட்டுப் பறிக்கப் போவாள். இருட்டில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. என் தலைதான் தோட்டம். அம்மா கூடையோடு அதில் நடக்கிறாள், குனிந்து வெள்ளையாக எதையோ பறிக்கிறாள், கூடை நிறையவே இல்லை.

விழித்திருக்கும்போதும் அம்மா ஏறக்குறைய அதைத்தான் செய்தாள். மண் வெடித்து வெளுத்துப் போனால் தண்ணீர் கட்ட வேண்டும் என்பது அவள் அறிந்த விவசாயம். என் தலையும் வெளுத்து உரிந்தது. அதனால் பாத்தி பிரிப்பதுபோல் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் எண்ணெய் ஓட விட்டாள்.

“குடிக்குது பாரு, எம்புட்டு ஊத்துனாலும் குடிக்குது” என்பாள்.

தினமும் எண்ணெய். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தலைக்குளியல். ஈரம் காயுமுன்னே இறுக்கிப் பின்னல். வெள்ளைச் செதில் மஞ்சளாகி, பிசுபிசுப்பான பொருக்காகக் கெட்டிப்பட்டது. காதுக்குப் பின்னால் தோல் வெடித்து நீர் கசிந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. இன்னும் வறட்சி தீரவில்லை என்று அம்மா இன்னும் எண்ணெய் ஊற்றினாள்.

அத்தையிடம் வேறு யோசனை இருந்தது. “பேசாம மொட்டையப் போட்டு விடு. சனியன் முடியோட போயிரும்.”

“மொட்டைத் தலையோட நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்” என்றேன்.

“ஆமா, கலெக்டரு உத்தியோகம் பாக்கப் போறா. தலையில ராக்கொடி வச்சுத்தான் உள்ள விடுவாங்க.”

ஒரு மதியம் எண்ணெய்த் தலையோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். வெயிலின் மயக்கத்தில், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், அம்மாவின் குரல் கேட்டது. அவள் பழனி இருக்கும் திசையைப் பார்த்து நின்றிருந்தாள்.

“முருகா, எம் மக தலை குணமாகட்டும். அந்த முடிய உனக்கே எறக்கிருதேன். அதுவரைக்கும் என் தலையில பூ ஏறாது.”

கனவென்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அவள் மொட்டுக் கூடையைத் திண்டுக்கல் சந்தைக்கு ஏற்றிவிட்டு வெறுந்தலையோடு திரும்பி வந்தபோதுதான் கனவல்ல என்று தெரிந்தது. அதுவரை, பறித்த முதல் கைப்பிடி மொட்டில் தொடுத்த ஒரு துண்டுச் சரம் அவள் கொண்டையில் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

“புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில பூ வைக்காம நிக்கிறாளே” என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். ஊரும் கேட்டது. அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள். அப்பா மட்டும் அவள் தலையைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்.

அந்த வருத்தத்தோடுதான் நான் திண்டுக்கல்லுக்கு விடுதியில் தங்கிப் படிக்க வந்தேன்.

பயிற்சிப் பள்ளியில் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். செதில் விழுந்தாலும் தெரியாது. கரும்பலகையில் எழுதிப் பழகும் நேரத்தில் எல்லோர் தோளிலும் சாக்குத்தூள் இறங்கும். அப்போது ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் வெள்ளைத் துகள்களில் எது பலகையுடையது, எது என்னுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த நேரம் முடியக் கூடாது என்று இருக்கும்.

ஆனால் ஜமீலா பிரித்துவிட்டாள். விடுதியில் எனக்கு அடுத்த பாயில் படுப்பவள் அவள்; பயிற்சிப் பள்ளி விதிப்படி உள்ளூர்ப் பெண்களும் விடுதியில்தான் தங்க வேண்டும். அப்பாவை அவள் அத்தா என்பாள்; அவர் திண்டுக்கல்லிலேயே ஆட்டுத்தோல் வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார்.

“ஏன் தலையணைய ஒளிச்சு ஒளிச்சு வைக்கிற?” என்று கேட்டாள்.

“நாத்தம் அடிக்கும்.”

“எங்க அத்தா மண்டியில செத்த நேரம் நின்னு பாரு. அதுக்கப்புறம் உன் தலையணை அத்தர் மாதிரி இருக்கும்.” பிறகு என் காதுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. “இதுக்கு எண்ணெயா ஊத்திக்கிட்டு இருக்க? எந்திரி, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்.”

ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பினாயில் வாசனையும், எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும். வெயில் தூணிலிருந்து தூணுக்கு நகர்ந்தது. நோயாளிகள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மெதுவாக அசைந்தார்கள். டாக்டர் அம்மா என்ன பெயர் சொல்லப்போகிறாரோ என்ற பயத்தில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் மனதில் இருந்தது. குஷ்டம். அதை நான் ஜமீலாவிடம்கூடச் சொன்னதில்லை.

டாக்டர் அம்மா நடுவயதுக்காரர். முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பில், “பயப்படாத. நீ நினைக்கிறது இல்ல” என்றார். நான் எதை நினைத்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அவர் சொன்ன பெயர் செபோரிக் டெர்மடைடிஸ் (எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுந்த இடத்தில் தோல் சிவந்து செதிலாக உரியும் அழற்சி). சாதாரணப் பொடுகின் முற்றிய வடிவம்.

“தினம் எண்ணெய் வைக்கிறியா?”

“ஆமா டாக்டர். வறண்டு போச்சுன்னு.”

“இது வறண்ட தலை இல்லம்மா. எண்ணெய் மிஞ்சிப்போன தலை. நீங்க வேற அதுக்கு மேல ஊத்துறீங்க.”

“அடுத்தவங்களுக்குத் தொத்துமா?”

“தொத்தாது.”

“மொட்டையடிச்சா போயிருமா?”

“நோய் முடிக்கு இல்ல, தோலுக்கு. மொட்டையடிச்சா மருந்து தடவ லேசா இருக்கும். அம்புட்டுதான்.”

கடைசியாக, எனக்கு வேண்டியதைக் கேட்டேன். “எப்ப டாக்டர் முழுசாக் குணமாகும்?”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “அடங்கும். நல்லாவே அடங்கும். ஆனா திரும்ப வரும். பனிக்காலத்துல வரும், கவலைப்பட்டா வரும், தூங்காம படிச்சா வரும். வந்தா மறுபடி அடக்கிக்கணும். முழுசாப் போயிரும்னு நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.”

களிம்பு ஒன்று கலந்து கொடுத்தார்கள். அதில் சாலிசிலிக் அமிலமும் (பொருக்கை இளக்கி உரிக்கும் மருந்து) கந்தகமும் இருந்தன. மாலையில் வகிடு பிரித்துத் தோலில் மட்டும் தடவி, காலையில் அலசிவிட வேண்டும். பொருக்கு நீங்கியபின் வாரம் இரண்டு முறை போதும். சீயக்காயோ சோப்போ எதுவானாலும் அடியில் தங்காமல் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஈரத்தோடு பின்னக் கூடாது. எண்ணெய் வைத்தே ஆக வேண்டுமென்றால் குளிக்கும்முன் சிறிது வைத்துக் கழுவிவிடலாம், தலையில் விட்டுவைக்கக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நமைத்தால் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். இவை எனக்குச் சொல்லப்பட்டவை. புண்ணோ நீர்க்கசிவோ இருந்தால் நீங்களாக எதையும் தடவாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கந்தக வாசனையில் எங்கள் அறை தீபாவளிபோல் இருந்தது. “பக்கத்துல யாரும் தீக்குச்சி உரசாதீங்க, இவ வெடிச்சிருவா” என்று ஜமீலா எல்லோரையும் எச்சரித்தாள். முதல் வாரம் எரிந்தது. பொருக்கு இளகி உரிந்து, முன்னைவிட அதிகம் கொட்டியதுபோல் பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை வகுப்பில் உட்கார்ந்திருக்கையில் ஏதோ குறைவதை உணர்ந்தேன். கடிகாரம் நின்றுபோனால் வீடு எப்படி இருக்குமோ அப்படி. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காதுக்குப் பின்னால் அமைதி.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போனேன். அம்மா என்னை வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பழையபடி பாத்தி பிரித்தாள். எண்ணெயால்தான் முற்றியது என்று சொன்னேன்.

“தண்ணி நின்னுட்டா மல்லி வேரு அழுகித்தான் போகும்” என்றாள், தனக்குள் சொல்வதுபோல். பிறகு கேட்டாள். “அப்ப, குணமாயிருச்சா தாயி?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. இல்லை, முழுவதும் குணமாகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதைச் சொன்னால் பொய்யில்லை. முடியும் எனக்கு மிஞ்சும். வேலைக்கான உத்தரவு எந்த நாளும் வரலாம் என்ற நிலையில், மொட்டைத் தலையோடு ஒரு புது ஊரில் போய் நிற்க வேண்டியதில்லை. அதைத்தான் சொன்னேன்.

அம்மா வகிட்டிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப எனக்கு நாளே வராதா?”

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டதா என்று விசாரிப்பவளைப்போல் கேட்டாள்.

மறுநாள் விடியலில் அவளோடு தோட்டத்துக்குப் போனேன். பனி இருந்தது. அவள் எனக்கு முன்னால் வரிசையில் குனிந்து நிமிர்ந்து போனாள். வெள்ளை மொட்டுகள் அவள் விரல் வழியாகக் கூடைக்குள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கு மேலே அந்த வெறும் கொண்டை மிதந்தது. என் பழைய கனவுக்குள்தான் நடக்கிறேனோ என்று தோன்றியது. கனவில் கூடை ஏன் நிறையவில்லை என்பது அப்போது புரிந்தது. என் நோய்க்கு முடிவு நாள் கிடையாது. நான் அந்த நாளுக்குக் காத்திருந்தால், அவளும் காத்திருப்பாள்.

“அம்மா, நாள் தானா வராது. நாமதான் வைக்கணும்” என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. உடனே விட்டுக்கொடுக்கப் பார்த்தாள். “வேண்டாந்தாயி. வேலைக்குப் போற பிள்ள. பூமுடி குடுத்துருவோம். நுனியில கொஞ்சம் வெட்டிக் குடுத்தா சாமி ஏத்துக்கிரும்.”

“நீ நுனிய மட்டும் தாரேன்னா வேண்டுன? நீ மட்டும் பூவ முழுசா விட்டுட்டு நிக்கல?”

என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அதை எங்கிருந்து வாங்கினேன் என்பதும் தெரியும்.

பழனிக்கு ரயிலில் போனோம். முடி இறக்கும் இடத்தில் தலையை நனைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் ஏதோ பாரமாக விழுந்துகொண்டே இருந்தது, என் தலை மேலே மேலே போனது. முடிந்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். இத்தனை காலம் விரலால் மட்டுமே அறிந்த இடத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். காதுக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக ஒரு சிறு திட்டு, ஆறிய நிலையில். இதுதானா என்று இருந்தது. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

அடிவாரத்தில் அம்மா பூ வாங்கினாள். நான் பிறந்ததிலிருந்து அவள் பூவை விற்றுத்தான் பார்த்திருக்கிறேன். கொண்டையில் செருகிக்கொண்டு, “நம்ம தோட்டத்துப் பூவுக்கு இது கால் தூசி பெறாது” என்றாள். கண் கலங்கியிருந்தது. திரும்பும் ரயிலில் என் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து தோளில் உதிர்ந்தது. அம்மா பதறிவிட்டாள்.

“ஏத்தா, மறுபடியும் செதிலா?”

“சந்தனம்மா.”

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

இப்போது குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மானாவாரிப் பூமி, உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. நாலு விரல்கடை வளர்ந்த முடிக்கு ஒரு செம்பு நீரே போதும். இங்கே ஆறுமாதத்தில் அது ஒருமுறை திரும்பி வந்தது, முதல் பனியோடு. எனக்குப் பதற்றம் வரவில்லை. களிம்பை எடுத்தேன், அடங்கியது. மற்றவர்களுக்கு நாட்கள் முன்னால் போகின்றன. என் தோலுக்கு அவை சுற்றி வருகின்றன. அது பனியை எனக்கு முன்னே அறிகிறது, என் கவலையை எனக்கு முன்னே சொல்கிறது. காதுக்குப் பின்னால் அந்த மெல்லிய அழைப்பு கேட்டால், இப்போதெல்லாம் விரலை அனுப்புவதில்லை. என்ன என்று கேட்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பலப்பத்தால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தாள். நேற்று அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்து வகிடு பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் வழிந்தது. மாலையில் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். அந்தப் பெண் முதலில் என் குட்டை முடியைப் பார்த்தாள், பிறகு மகளின் தலையைப் பார்த்தாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வராந்தாவில் இடம் பிடித்து வைக்கச் சொல்லி, அங்கே அத்தா வீட்டில் இருக்கும் ஜமீலாவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.