குவைத்துக்குப் பேசிய கூண்டு

போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில், ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்குள் ஒரு பெண் கைப்பேசியில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஃபோட்டோகொப்பி மெஷினின் சூட்டு மணம் மூக்கில் ஏறிவிட்டது.

நான் ஒரு காலத்தில் முதலாளி. நம்புங்கள். கடைவீதியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன், அதாவது போன் பேசவும் கொப்பி எடுக்கவும் ஒரு கடை, வைத்திருந்தேன். ஒரு மெஷின், ஒரு தொலைபேசி, அதைச் சுற்றிப் பலகைக் கூண்டு, வெளியே ஒரு வாங்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் தேயிலைத் தோட்டத்து அம்மாமார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் என் கடை நம்பருக்கு எடுப்பார்கள். நான் தூக்கி, "கொஞ்சம் இருங்க, அம்மா வந்துட்டாங்க" என்பேன். பிறகு கச்சேரிதான். தூரத்துக்குத் தக்க சத்தம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கொழும்புக்குப் பேசினால் எனக்கு மட்டும் கேட்கும். குவைத்துக்கு என்றால் எதிர் பேக்கரிக்கே கேட்கும்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கதைப் பைத்தியம் பிடித்தது. காதில் விழுந்ததை எழுதினேன். ஒன்றிரண்டு பத்திரிகையில் வந்ததும் தலைகால் புரியவில்லை. இனி எழுத்துதான் என்று நல்லாய் ஓடிய கடையை மூடிவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்தேன். அந்த அமைதியில் ஒரு வரிகூட ஒழுங்காக வரவில்லை. எப்படியோ ஒரு மெல்லிய புத்தகம் போட்டேன். அதன் பிரதிகள் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன.

பஸ்ஸுக்குள் கத்தியவர் அந்தோனியம்மா அக்கா. ஞாயிற்றுக்கிழமை வாங்கில் எப்போதும் முதல் ஆள். என்னைக் கண்டதும் கூப்பிட்டு, கைப்பேசியை ஜன்னல் வழியாக என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மேரி, இவங்கதான் நம்ம கொமினிகேஷன் தம்பி. நாங்கெல்லாம் போன் வாங்கிக்கிட்டதாலதானே பாவம் கடைய மூடுனாங்க."

திரையில் முன்தலை நரைத்த ஒரு பெண், அக்காவின் மகள். வருடக்கணக்காகக் கேட்ட குரலின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சுகமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அதே குரல்ணே. நீங்க 'கொஞ்சம் இருங்க'ன்னு சொன்னாலே எனக்கு அழுகை நின்னுரும். இப்ப என்ன செய்றீங்க?"

மூடியதற்குக் காரணம் நீங்கள் இல்லை, எழுதப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். எழுதி என்ன ஆனது என்று கேட்டுவிட்டால்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. மடியில் வைத்திருந்த காய்கறிப் பையிலிருந்து வெலிமடை லீக்ஸில் பாதியை எடுத்து என் கையில் திணித்தார். கடை போனதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்தான் என்னிடம் கேட்டுக்கொண்டார். பஸ் புறப்பட்டுவிட்டது.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கூண்டு இல்லை, வாங்கு இல்லை. கொஞ்சம் இருங்க என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

லீக்ஸ் ஏது என்று மனைவி கேட்டாள். சந்தையில் வாங்கினேன் என்றேன்.