கங்காணி பெயர் கூப்பிடாத நாள்

பச்சைக் கொழுந்தின் கசப்பு வாசனை, ஈர பூட்ஸ், முகத்தில் வந்து ஒட்டும் பனிமூட்டம்... ரிங்லெட் ஊருக்கு மேலே, மலைமேல் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் காலை என்றால் இதுதான்.

பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில், ஸ்டெல்லா அக்காவோடு நானும் கொழுந்து எடுக்கப் போனேன். மூட்டம் இறங்கினால் பக்கத்து வரிசையில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். அதனால் கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நாங்கள் "ஓய்..." என்று பதில் கொடுக்க வேண்டும். அக்கா மட்டும் சேவல் மாதிரி கூவுவாள். திட்டு வாங்குவாள், மறுநாளும் கூவுவாள்.

அன்று ஓடைப் பக்கம் மண் சரிந்த சத்தம் கேட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மூட்டம் கொஞ்சம் விலகியது.

"எல்லாரும் இருக்காங்களா கங்காணி?" என்று ஒருத்தி பதறினாள்.

"அதான் தெரியுதே, எல்லா மஞ்ச ரெயின்கோட்டும் நிக்குதுலா. கொழுந்த எடுங்க."

நாங்களும் எடுத்தோம்.

வியர்க்கிறது என்று ரெயின்கோட்டைச் செடிமேல் போட்டுவிட்டு, அக்கா தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கியிருந்தாள். கொழுந்து நிறுக்கும்போதுதான் அவள் இல்லை என்பதே தெரிந்தது. பிறகு மண்ணைத் தோண்டினார்கள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மண்ணுக்குள்ள கொஞ்ச நேரம் உயிரோட இருந்திருக்காங்கம்மா."

கங்காணி மேல் எனக்கு இன்றும் கோபம்தான். மறைக்க விருப்பமில்லை.

இப்போது வெளிநாட்டில், ரேடியோ தொலைநோக்கியில் வேலை பார்க்கிறேன். பெரிய கேமரா தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் படம் எடுத்துத் தள்ளுகின்றன. எது எங்கே இருக்கிறது, எது புதிதாக மின்னியது என்று அவைதான் காட்டித் தரும். ஆனால் நடுவில் அடர்ந்த தூசி மறைத்தால், அந்தப் படத்தில் ஒன்றும் விழாது. ரேடியோ அலை தூசியைத் தாண்டி வந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அங்கே என்ன நடந்தது என்று விளங்கும்.

போன மாதம் ஒரு இடம். படத்தில் வெறும் இருட்டு. அங்கே எதுவும் இல்லை, விட்டுவிடு என்றார்கள். நான் விடவில்லை. சண்டை போட்டு அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்ப வைத்தேன். தூசிக்குப் பின்னால், வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரம்!

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது... சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பெரிய கருவியை வைத்துக்கொண்டு இன்று நான் தேடிப் பிடிப்பதெல்லாம் என்றைக்கோ செத்துப்போனவை. அக்காவை அப்போதே தேடியிருந்தால் உயிரோடு கிடைத்திருப்பாள்.