குஷன் அக்காவும் போதகரின் ஏற்புரையும்

குஷன் அக்காவுக்கு யாரையும் வாயாரப் புகழத் தெரியாது. ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் வீட்டு சோபாவை இழுத்து வந்து புதுத் துணி போட்டுத் தருவாள், அவ்வளவுதான். அந்தப் பெயர் வந்ததே அவள் தொழிலால். சோபா, நாற்காலி, பஸ் சீட் என்று எது வந்தாலும் பழைய ரெக்சினைக் கிழித்து, ஸ்பாஞ்சை மாற்றி, ஓரம் தைத்துப் புதுசாக்கி அனுப்புவாள். அதே கொட்டகையில் அவளுக்குத் துணி வெட்டிக் கொடுப்பவள் நான். வேலைக்கு நடுவில் ஊர் வம்பு பேசுவோம். பேசுவது நான், ம் கொட்டுவது அவள்.

அவள் கணவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார் என்பது எல்லோரும் அறிந்த கதை. மகள் அப்போது கைக்குழந்தை. அந்தக் குழந்தையைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்பாஞ்சுத் துண்டுகளின் மேல் தூங்கப் போட்டுத்தான் அக்கா வளர்த்தாள். இப்போது அந்த மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறாள். தாயும் மகளும் பேசிச் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு போதகருக்கு நன்றி சொல்லும் நாள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஒரு மனிதரை முன்னால் உட்கார வைத்து முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அவர் நெளியத்தானே வேண்டும்? எங்கள் போதகர் நெளியமாட்டார், அது வேறு விஷயம். ஆனால் நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரி, மரண வீடு, சண்டை வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த வருஷம் அந்த நாளைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்தியவள் அக்காதான். ஆலயத்தில் போதகர் உட்காரும் பழைய மர நாற்காலியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, எலும்புக்கூடு மாதிரி ஆகும்வரை பிரித்தாள். கருஞ்சிவப்பு வெல்வெட் வாங்கினாள். முதுகுப் பக்கம் சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி பிரித்துத் தைத்தாள்.

“ஐயாவுக்கு இடுப்பு வலிடி. சாய்ஞ்சா தாங்கணும்.”

“அப்படி என்னக்கா செஞ்சுட்டாரு உனக்கு?”

“செஞ்சிருக்காரு” என்றாள். அதற்கு மேல் கடப்பாரை போட்டு நெம்பினாலும் அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது.

அந்த நாளில் பரிசை விட வாய்தான் முக்கியம் எங்கள் சபையில். ஒவ்வொருவராக எழுந்து, போதகர் தனக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். கடைசியில் போதகர் ஏற்புரை சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான். பேக்கரிக்காரர் எழுந்தார், ரிட்டயர் ஆன டீச்சர் எழுந்தார், விவாகரத்து வரை போய் வந்த தம்பதி கைகோத்துக்கொண்டு எழுந்தார்கள். எல்லாம் முடிந்ததும் சபைச் செயலர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செஞ்ச நம்ம குஷன் அக்கா மட்டும் பேசலையே? வாங்கக்கா!”

அக்கா தலையை ஆட்டினாள். “எனக்குப் பேச வராதுங்க.”

“ரெண்டு வார்த்தைக்கா.”

“வேணாங்க.”

புது நாற்காலியில் உட்கார்ந்திருந்த போதகரின் முகம் லேசாகச் சுண்டியதை நான் பார்த்தேன். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்புரைக்கு எழுந்தவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னைக்கு எல்லாரும் மனம் திறந்து பேசினீங்க. ஒரு சகோதரியால மட்டும் பேச முடியல. ஏன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்காக நானே பேசறேன். பேர் சொல்லமாட்டேன். புருஷன் செத்துட்டாருன்னு ஊரே நம்பிட்டிருக்கு. ஆனா அவர் உயிரோடதான் இருக்காரு, வேற ஒரு குடும்பத்தோட. பெத்த பொண்ணுக்குக்கூட சொல்லாம அந்த சகோதரி ஒருநாள் எங்கிட்ட வந்து அழுதாங்க. அந்த பாரத்தை இத்தனை வருஷமா நானும் சேர்ந்து சுமக்கிறேன். ஊழியம்னா இதுதாங்க.”

‘ஆமென்’ என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பிவிட்டன. பிறகு, சொல்லி வைத்த மாதிரி, பாடகர் குழுவின் பக்கம் திரும்பின. அக்காவின் மகள் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அடுத்தது நன்றிப் பாட்டு. அவள் வாய் அசைந்தது, சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போதகர் கொட்டகைக்கு வந்தார். அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நான் பேரே சொல்லலையேம்மா” என்றார். அதை அவர் மனதார நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“பேரைத்தான் சொல்லலைங்கய்யா. அட்ரஸைத் தெளிவா சொல்லிட்டீங்க” என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“எல்லாரும் பேசினாங்க. நீ மட்டும் ஒரு வார்த்தை பேசலை. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்லம்மா.”

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். “நீங்க வெளிய சொல்லாம இருந்ததுக்குத்தானேய்யா நான் நன்றி சொல்லணும்? அதை எப்படி மைக்ல சொல்றது?”

போதகர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகுதான் அக்கா எனக்கு முழுக் கதையையும் சொன்னாள். வருஷந்தோறும் வேறொரு ஞாயிறு சபையில் விதவைகளை முன்னால் அழைத்து முழங்காலிட வைத்து ஜெபிப்பார்கள். உயிரோடு இருப்பவனுக்காக அங்கே போய் முழங்கால் போட அவளால் முடியவில்லை. அதனால்தான் போதகரிடம் உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஞாயிறு வந்தால் அவளைக் கூப்பிடாமல், சமையலறை வேலை, சிறுபிள்ளைகள் வகுப்பு என்று எங்காவது அனுப்பிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டார். அந்த நன்றிதான் வெல்வெட்டாக மாறியிருந்தது.

“சரிக்கா, ஓடிப்போனான்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு செத்துட்டான்னு சொன்னே?”

“ஓடிப்போனா பரவாயில்லையே. புள்ளைய மட்டுமாவது வந்து பாருன்னு கெஞ்சினேன். ‘எனக்கு அந்தப் புள்ள வேண்டாம், என் புள்ளன்னு யார்கிட்டயும் சொல்லாதே’ன்னுட்டான். வேண்டாம்னு சொன்ன அப்பனை அவளுக்கு எப்படிக் காட்டறது? அதுக்கு செத்த அப்பனே மேல்னு நெனச்சேன். ஐயாகிட்ட இதையும் சொல்லியிருக்கேன். அவ காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுங்கய்யான்னு காலைப் பிடிக்காத குறையா சொன்னேன்.”

இவ்வளவு நாள் ம் கொட்டியவளிடம் இவ்வளவு இருந்திருக்கிறது.

மகள் தாயோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மேசையில் வைத்தால் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த வாரக் கடைசியில் அக்கா கதவுக்கு வெளியே நின்று, “கண்ணு, நானே எல்லாம் சொல்றேன், கேளு” என்றாள். அன்று நானும் அங்கே இருந்தேன். கதவு திறந்தது.

“நீதான் ஏற்கனவே சொல்லிட்டியே, செத்துட்டாருன்னு. மறுபடி நீ சொன்னா எதை நம்பறது? நான் ஐயாகிட்டயே கேட்டுக்கறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். அலுவலக அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அக்கா அதில் உட்காரவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது, குரல்தான் கேட்டதே தவிர வார்த்தை பிடிபடவில்லை. அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அப்பன் வேண்டாமென்ற அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஒருமுறை வாய் திறந்தவர்தானே.

கதவு திறந்தது. மகள் அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. போதகரின் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நன்றிங்கய்யா. எங்கிட்ட உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

பிறகு தாயைப் பார்த்தாள்.

“அப்பா என்னைத் தேடியிருப்பாராம். எங்க இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா கண்டிப்பா வந்திருப்பாராம். ஏம்மா மறைச்சே?”

அக்கா போதகரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேசைக்குப் போய்ப் புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதைத் தெரிந்துகொண்ட மாதிரி அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“தப்புதான் கண்ணு” என்றாள் மகளிடம். “உன்னை அவருக்குக் குடுக்க எனக்கு மனசு வரல.”

மகள் எங்களைத் தாண்டி நடந்து போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை அக்கா என் கையை விடவில்லை.