ஆறு கெஜ வானம்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு முதன்முதல் வருகிற ஆண்கள் எல்லோருக்கும் முன்ஹாலில் முழங்கால் இடிபடும். கதவைத் திறந்தால் நாற்காலி, நாற்காலிக்குப் பிறகு சுவர். அவ்வளவுதான் ஹால். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆறாவது ஆள் வாசற்படியில் நிற்க வேண்டும். புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கிற மனிசனுடைய ஹாலா இது என்று யாராவது முகத்தைச் சுளித்தால் எனக்கு உள்ளே நின்று சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு நான் பட்ட வெட்கத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் தெரு, பின்னால் பத்துக் குடும்பத்துக்குப் பொதுவான குழாயடி. எங்கள் முஸ்லிம் ஆட்களில் அந்த நாளில் ஒரு பெண்பிள்ளை நாலு பேர் கண்ணில் படும்படி வெளியில் நிற்க முடியாது. குழாயடிக்கு வேலைக்காரி போவாள். நான் எங்கேயாவது போவதென்றால் திரை கட்டிய ரிக்‌ஷாதான். பன்னிரண்டு வருஷமாக நான் வானத்தைப் பார்த்தது குசினியில் ஓடு விலகிய ஓர் இடத்தால். ஒரு கை அகலம் இருக்கும். சோறு கொதிக்கும் வரைக்கும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் புருஷன் அதை அடைக்க ஓட்டுக்காரனைக் கூட்டிவந்த அன்றைக்கு நான் சண்டை பிடித்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மழை ஒழுகினால் சட்டி வைத்துக்கொள்ளலாம், அதற்கு என்ன?

பிறகு அவர் வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட, ஒரு துண்டு காணி வாங்கினார். அவருடைய ஆசை ஹால். கொள்ளுப்பிட்டிப் பெரிய வீடுகளில் பார்த்த மாதிரி நீட்டு ஹால், மவ்லூத் ஓதினால் முப்பது பேர் தாராளமாக உட்கார வேண்டும். மொறட்டுவைத் தச்சனிடம் ஆறு பேர் இருக்கிற பிரம்புச் சோபா ஒன்றுக்கு அச்சாரம்கூடக் கொடுத்துவிட்டார். வீடு இன்னும் இல்லை, சோபா மட்டும் தயாராகிறது!

“எனக்கு ஹாலும் வேணாம், மேல்மாடியும் வேணாம். வீட்டுக்கு நடுவில ஒரு முற்றம் தாங்க. நாலு பக்கமும் வீடு ஈக்கோணும், மேல ஒண்டும் ஈக்கப்படாது” என்றேன்.

“மழை உள்ளுக்கு வருமே?”

“வரட்டும். வாற மழைக்கு நான் பதில் செல்றேன்.”

விளக்குமாற்றில் ஈர்க்கு உருவி, தரையில் வீட்டை அடுக்கிப் பார்த்தேன். இது அறை, இது குசினி, இது முற்றத்தைச் சுற்றி விறாந்தை. முற்றத்தை என் கையாலேயே முழம் போட்டு அளந்தேன். எட்டு முழம் கேட்க ஆசை. கேட்டால் அவருடைய ஹாலில் கை வைக்க வேண்டும். பாவம், அந்த மனிசனும் எத்தனை வருஷமாக ஆசைப்படுகிறார் என்று மனதை அடக்கிக்கொண்டு, “ஆறுக்கு ஆறு போதும்” என்றேன். அவர் கடைப் பில் துண்டு ஒன்றின் முதுகில் ‘6 x 6’ என்று எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அத்திவாரம் வெட்ட முன்னமே டாக்டர் என்னைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வயிற்றில் பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு நாற்பது நாள் வீட்டோடு இருக்க வேண்டும். ஆகவே அறைகளின் அளவுக்குத் தரையில் கயிறு கட்டியதிலிருந்து கூரை ஏறியது வரைக்கும் நான் ஒன்றையும் காணவில்லை. “வீடு எப்பிடி ஈக்கிது?” என்று கேட்டால் அவர் “ஈக்கிது” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாற்பது கழிந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை பத்து மணி போல அந்த வீட்டுக்குள் போனேன். ஹாலைப் பார்த்து, இதென்ன, பெட்டி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவது கதவைத் தள்ளினேன்.

சுப்ஹானல்லாஹ்! வீட்டுக்கு நடுவில் அத்தனை பெரிய வெளிச்சம் நிற்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நாலு பக்கமும் வளைந்த நாட்டு ஓடு தாழ்ந்து வந்து நிற்கிறது. அதைத் தாங்கிப் பலாமரத் தூண்கள், தேன் நிறத்தில், ஒவ்வொன்றும் என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற பருமன். விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டுத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். அந்தத் தரையில் மேகம் ஒன்று ஊர்ந்து போவதைக் குனிந்து பார்த்தேன். குனிந்து மேகம் பார்த்த பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அறைக் கதவுகளுக்கு மேலே பூவேலை வெட்டிய பலகை. அதற்குள்ளால் கடல்காத்து வந்து, உப்பு மணத்தோடு வீட்டைச் சுற்றிவிட்டு, முற்றத்தால் மேலே போகிறது. நான் படியிறங்கி நடுவில் போய் நின்றேன். முந்தானை தலையிலிருந்து சரிந்தது. எடுத்துப் போடக் கை போனது, பிறகு நின்றுவிட்டது. யார் பார்க்க? அல்லாஹ் ஒருத்தன்தான். என் வெறும் தலையில் வெயில் பட்டது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். தோளிலிருந்த பிள்ளை அந்த வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கித் தும்மியது.

“இது ஆறு முழமில்லையே?” என்று கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “வீடு கட்டின பாஸ், ஆறு என்னண்டு கேட்டாரு. நான் கெஜமெண்டு சென்னேன். பிழைச்சிப்போச்சு.”

எனக்கு வந்த சிரிப்பில் பிள்ளை பயந்துவிட்டது. புடவைக் கடைக்காரருக்கு எண்ணைக் கண்டால் கெஜந்தான்! முழத்துக்கு இரண்டு மடங்கு. நீளத்திலும் இரண்டு, அகலத்திலும் இரண்டு. நான் கேட்டதைப்போல நாலு முற்றம் எனக்குக் கிடைத்தது, அவருடைய ஹால் போய்விட்டது. மொறட்டுவையிலிருந்து சோபா வந்தபோது முன்கதவால் உள்ளே எடுக்கவே முடியவில்லை. பின்பக்கத்தால் கொண்டுவந்து உள்விறாந்தையில் போட்டோம். அங்கே அதில் உட்கார்ந்தது நானும் என் மச்சிமாரும். அவருடைய விருந்தாளிகள் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. மவ்லூத் என்றால் வெளியில் பந்தல் போட வேண்டும்.

ஆனிமாத மழை முற்றத்துக்குள் இறங்கிய முதல் நாளில் நாலு கூரையாலும் தண்ணீர் கொட்டியது. வாங்க வாங்க என்று எல்லோரையும் கூப்பிட்டு, விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் போனாலும் அந்தப் பிரமிப்பு எனக்குக் குறையவில்லை. அவரைக் கேலி பண்ணுவதும் குறையவில்லை. “ஆறு கெஜம் வந்திட்டாரு, சோறு வைங்க” என்பேன். மச்சிமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் கை கழுவப் போய்விடுவார்.

ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு காத்துக்கு ஓடு விலகியதால் வீட்டைக் கட்டிய சிங்கள பாஸ் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி கொடுத்தனுப்பிவிட்டு, வாய் சும்மா இருக்குமா, “என்ன பாஸ், எங்கட மாத்தயா கெஜமெண்டு சென்னா நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிட்டீங்களே!” என்றேன்.

பாஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “ஐயோ நோனா, கயிறு கட்டின நாளே மாத்தயாவுக்குத் தெரியுந்தானே. ஹால் சின்னது எண்டு நான் சொன்னது. மாத்தயா பேப்பர் எடுத்துப் பாத்து யோசிச்சு, ‘அடடா, இது முழம்’ எண்டு சொன்னது. மாத்தவா எண்டு நான் கேட்டது. ஒரு நாள் வேலைகூட இல்ல, கயிறு மட்டும்தானே. மாத்தயா வேணாம் சொன்னது.”

கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிழை அல்ல. ஒரு நாள் பிழை, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த மனிசன் தெரிந்தே கொடுத்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கடையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் கேட்டேன்.

“பாஸ் எல்லாம் சென்னாரு. ஏன் மாத்தல்ல?”

அவர் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “கயிறு கட்டி முடிஞ்ச பொறகு நான் அதுக்குள்ள போய் நிண்டேன். நீங்க குசினில நிக்கிற மாதிரி அண்ணாந்து பாத்தேன். பொறகு அதைச் சின்னதாக்க மனம் வரல்ல.”

“அப்ப இத்தின வருஷம் ஏன் ஒண்டும் செல்லல்ல? நான் எவ்வளவு கேலி பண்ணினேன்!”

“நீங்க சிரிச்சிக்கொண்டு ஈந்தீங்களே” என்றார்.

நான் குசினிக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தேன். பாதிக் கோப்பை முடிந்த பிறகுதான் சீனி போடவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.