பியூலாவுக்கு முதல் நாளே தெரியும்

பியூலாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அவளுடைய மாவைப் பற்றித்தான் சொல்வேன். மற்றதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பாதிக் கோபம் அவள் மேல், மீதி என் மேல்.

தெலுங்குப் பக்கம், மல்லாபூரில் ஒரு தகர ஷெட்டில் நாலு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்தாள். சுற்றியிருந்த தொழிற்சாலை கேன்டீன்களுக்கெல்லாம் அவள் மாவுதான். உளுந்து மூட்டை வந்தால் பிரித்துப் பார்க்க மாட்டாள், கொண்டு வந்தவன் முகத்தைப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால், வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்று ஒரே வார்த்தை. ஒருமுறை ஸ்ரீகாந்த் என்ற கேன்டீன் காண்டிராக்டர் வந்து மூன்று ஷிஃப்டுக்கும் மாவு வேண்டும் என்றான். வேறு யாராயிருந்தாலும் வாயெல்லாம் பல்லாக ஆர்டரை வாங்கிப் போட்டிருப்பார்கள். இவள் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"மனசுக்கு ஒட்டலைக்கா" என்றாள்.

நாலாம் மாதம் அவன் கேன்டீனில் சாப்பிட்ட எண்பது பேர் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். அவனுக்கு மாவு கொடுத்த வேறொரு பெண்ணைத்தான் போலீஸ் முதலில் பிடித்து உட்கார வைத்தது. அதற்குப் பிறகு எங்கள் தேவாலயச் சபையில் யார் வீடு வாங்கினாலும், வேலைக்கு ஆள் வைத்தாலும், பியூலாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கட்டும், தப்பில்லை. அவள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே மகள் ரேச்சலின் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை கலேப். தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல வேலை. கையில் வேதாகமம், வாயில் தேன். பெண் பார்க்க அல்வாலில் இருந்த பியூலா வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தான். அவன் கையை எடுப்பதற்குள் அவன் அம்மா அதை அவனுக்கு எட்டாதபடி தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிஸ்கட் தட்டையும் நகர்த்தினாள், பூச்சாடியையும் நகர்த்தினாள். அவ்வளவுதான் நடந்தது. பியூலாவின் முகம் வெளுத்துப் போயிற்று.

அவர்கள் போனதும் கணவரிடம் சொன்னாள். ஜேசுராஜ் ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார்.

"டம்ளரை நகட்டுனது ஒரு குத்தமாட்டி? உருப்படியா ஒரு காரணம் சொல்லு."

"காரணம் தெரியல. வயித்தப் பெசையுது."

"அப்ப சோடா குடி" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. முதல் ஞாயிறு பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் ஞாயிறு கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். மூன்றாம் ஞாயிறு போதகர் நிறுத்தியதும் எழுந்துவிட்டாள். முழுதாக நிமிர்வதற்குள் நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏட்டி, காரணம் கேப்பாவ. என்ன சொல்லுவ? வயித்தப் பெசையுதுன்னா? பிள்ளைக்கி வேற மாப்பிள்ள வருமா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா அவர்களைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம் அந்த வீட்டில் இருந்தாள். அதில் என்னென்ன நடந்தது என்று ரேச்சல் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. அறைந்ததில் செவிப்பறை கிழிந்து, சீழ் பிடித்து, வைத்தியமும் பார்க்காமல் போனது என்று டாக்டர் சொன்னார். ஜேசுராஜ் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பியூலா வேறு மாதிரி. பாடம் கற்றுக்கொண்டவள் அதை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கக் கிளம்பினாள். ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தாள். கடவுள் நம் உள்ளத்தில் பேசுகிறார், காரணம் கேட்காமல் நம்புங்கள் என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும். அந்தப் பையன் சரியில்லன்னு மொத நாளே தெரியும்!"

சபையே ஆமென் என்றது. நானும் சொன்னேன். ரேச்சல் எனக்கு இடது பக்கம் இருந்தாள். நல்ல காதில் எல்லாம் விழுந்தது. மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்தத் தாய்க்குத் தோன்றவே இல்லை என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வாசலில் ரேச்சல் அவளை நிறுத்தினாள்.

"மம்மி, நீக்கு தெலுசா? ஃபர்ஸ்ட் டேவே?"

"தெரியும்டி. அம்மா மனசுக்குத் தெரியாதா? ஆனா காரணம்..."

"எனக்கும் தெரியும்" என்றாள் ரேச்சல். எப்போதும் தெலுங்கில் பதில் சொல்லும் பெண், அன்று தமிழில்தான் பேசினாள். "அன்னைக்கே பயமா இருந்துச்சு. மம்மி சொல்லுவாங்க, மம்மிக்கு எதுவும் தப்பாதுன்னு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். மூணாவது வாரம் நீ எந்திரிச்ச. கொயர்ல நின்னு பாத்தேன். மூச்சே நின்னு போச்சு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்ட. மம்மியே சிரிக்கிறாங்க, நான்தான் லூஸுன்னு நெனச்சுத்தான் கட்டிக்கிட்டேன்."

பியூலா என்னைப் பார்த்தாள். உன் அம்மாவை இழுத்து உட்கார வைத்தது நான்தான் என்று ரேச்சலிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

ரேச்சல் கேட் பக்கம் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். பியூலா பின்னாலேயே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தாள். ரேச்சல் அந்தக் கையை எடுத்துவிட்டு "சலோ பையா" என்று டிரைவரைக் கிளம்பச் சொன்னாள்.